இரண்டாம் தாள்

பாசிசத்தின் முதுகெலும்பை முறித்தவர் எங்கள் ஊர் யெஃபிம் லூகிச். ஆண்டுதோறும் மே ஒன்பதாம் தேதி, காலை பத்திலிருந்து பதினொன்றரை வரை முறிப்பார். மற்ற நேரங்களில் பால் பண்ணைக் கொதிகலனுக்குக் கரி அள்ளிப் போடுவார்.

அது உலகப் போர் வெற்றியின் முப்பதாம் ஆண்டு. பீடத்தின் மேலிருந்த டாங்கிக்கு அடித்த பச்சை வண்ணம் இன்னும் காயவில்லை. கட்சிச் செயலாளர் கொந்த்ராத் ஒலிபெருக்கியில் வழக்கமான சான்றுரையை வாசித்தார். நான்கு தோழர்களும் மாண்ட பின்பு, தன் டாங்கியைவிட்டு ஒரு கணமும் இறங்காத ஓட்டுநர், தனியாளாகப் பீரங்கியை இயக்கி எதிரி டாங்கியைத் தகர்த்தார். மார்பில் செந்நட்சத்திரப் பதக்கத்தோடு, பல்வலிக்காரர் மாதிரி நின்றிருந்தார் யெஃபிம் லூகிச்.

கூட்டம் கலைந்ததும் ஓர் அம்மாள் அவரிடம் வந்தாள். க்லாவ்தியா. போரில் அவருக்குப் பக்கத்து இருக்கையில் இருந்து மாண்ட டாங்கி ரேடியோக்காரன் மகாரின் தங்கை. இரண்டு நாள் ரயிலில் வந்திருந்தாள்.

"அண்ணனோட சாமானெல்லாம் வீட்டுக்கு வந்துச்சு. நான் எழுதின கடுதாசி மட்டும் வரல. இனி உன் மூஞ்சியிலயே முழிக்க மாட்டேன்னு சொல்லித்தான் அவன போருக்கு அனுப்பினேன். மன்னிச்சுடுன்னு அப்புறம் எழுதினேன். படிச்சானா? அது மட்டும் சொல்லுங்க."

"நெஞ்சோட அணைச்சுக்கிட்டேதாம்மா உயிர விட்டிருப்பாரு," என்றார் செயலாளர்.

"நீ சும்மா இரு, கொந்த்ராத்." யெஃபிம் லூகிச் அவள் பக்கம் திரும்பினார். "படிச்சான்மா. எங்களுக்கும் சத்தமா படிச்சுக் காட்டினான். 'இந்தக் கழுத மன்னிப்பெல்லாம் கேக்குது பாரு'ன்னு சிரிச்சான். அப்புறம் கண்ணத் தொடச்சுக்கிட்டான்."

"அப்ப கடுதாசி எங்க?"

அவர் டாங்கியின் அடிவயிற்றைப் பார்த்தார்.

"ஆப்பிள் தோட்டத்துல பதுங்கியிருந்தோம். பச்சக் காயத் தின்னு எனக்கு வயித்தால போச்சு. யாரும் இறங்கக் கூடாதுன்னு உத்தரவு. அடிப்பக்க மூடியத் திறந்து நழுவினேன். தொடச்சுக்கக் கையில பத்திரிகை. மகார் அதப் பிடுங்கிட்டான். 'மொதப் பக்கத்துல தலைவர் படம்டா மடையா, உள்ள தூக்கிப் போட்டுடுவாங்க. இந்தக் கடுதாசியக் கொண்டு போ, எனக்கு மனப்பாடம்'னு குடுத்தான். நான் பொதருக்குள்ள இருந்தப்பதான் டாங்கி மேல குண்டு விழுந்துச்சு. அப்புறம்தான் ஓடிப்போய் ஏறினேன்."

ஒலிபெருக்கி அணைந்திருக்கிறதா என்று செயலாளர் திரும்பிப் பார்த்தார். "ஒரு கணமும் இறங்காதவர்னு பீடத்துக் கல்லுல செதுக்கிட்டோமே," என்று முனகினார்.

யெஃபிம் லூகிச் சட்டைப்பையிலிருந்து மடிப்புகளில் கிழிந்த தாள் ஒன்றை எடுத்து நீட்டினார். க்லாவ்தியா தன் கையெழுத்தைத் தடவினாள். பின்பக்கம் திருப்பினாள். மூலையில் இரண்டு என்று எண்ணிட்டிருந்தது.

"மொதத் தாளு?"

குண்டு விழுவதற்குள் அவர் அதைப் பயன்படுத்திவிட்டிருந்தார்.