மழைக்கோட்டுக்குள் ராணி

நிபியா பழப்பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் ஏறினாள். சுவருக்கு அந்தப் பக்கம், ஓய்வுபெற்ற இன்ஸ்பெக்டர் வால்டெமாரின் கொல்லையில், ஒரே ஒரு கஞ்சாச் செடி நின்றது. ஆளைத் தாண்டிய உயரம். கணுவுக்குக் கணு பச்சை மணிகள் கொத்துக்கொத்தாய்த் தொங்கின.

ஆண்.

மணிகள் இன்னும் வெடிக்கவில்லை. வெடிக்கும் பருவம்தான்.

அவளுக்குப் பின்னால் கஞ்சா வளர்ப்போர் சங்கத்தின் தோட்டம். பதிவு பெற்று, வேலி போட்டு, அதிகாரிகள் வந்து எண்ணிவிட்டுப் போன தோட்டம். அத்தனையும் பெண் செடிகள். இந்த வாரம்தான் வெள்ளை இழை விடத் தொடங்கியிருந்தன. ஆண் செடியின் மகரந்தம் பட்டால் பூவெல்லாம் விதையாகிவிடும். விதை நிறைந்த பூவை எந்த உறுப்பினரும் தொடமாட்டார். போன வருஷத்து விளைச்சலைப் பூஞ்சணம் தின்றது. இந்த வருஷமும் போனால் சங்கத்தை இழுத்து மூட வேண்டியதுதான். தோட்டக்காரி நிபியா மறுபடியும் சூப்பர் மார்க்கெட்டில் கல்லாவுக்குப் பின்னால் உட்கார வேண்டியதுதான்.

வானொலி காலையிலேயே சொல்லிவிட்டது. புழுக்கம் இன்றோடு முடிகிறது, சாயங்காலத்துக்குள் பம்பேரோ வந்துவிடும். தென்மேற்கிலிருந்து வரும் அந்தக் காற்று மினாஸ் ஊருக்குள் நுழைந்தால் கொடியில் ஒரு துணி தங்காது. இன்ஸ்பெக்டரின் கொல்லை சங்கத்துக்குத் தென்மேற்கே இருந்தது.

சங்கத் தலைவன் ஹெபர் பஸ் ஓட்டுகிறவன். மத்தியான இடைவேளையில் வந்தவனிடம் சொன்னாள்.

"இவ்வளவுதானா? சுவரேறிக் குதிச்சு வெட்டிப் போட்டுட்டு வரேன்."

"இன்ஸ்பெக்டர் வீட்டுலயா?"

"ரிட்டயர்டு இன்ஸ்பெக்டர்."

"அவரும் பதிவு பண்ணித்தான் வளர்க்கிறார். ஆறு செடி வரைக்கும் வச்சுக்கலாம். சட்டம் அவர் பக்கம். நீ குதிச்சா நீதான் உள்ள போவ. பின்னாலயே சங்கமும் வரும்."

ஹெபர் கையிலிருந்த எம்பனாடா என்ற இறைச்சிப் பணியாரத்தைக் கடித்தான். "இந்தச் சட்டத்துக்காகத் தெருத்தெருவா ஊர்வலம் போனோம். இப்ப அது அந்தாளைக் காப்பாத்துது பாரு. சரி, நீ போய்க் கேளேன்."

"என்னை உள்ள வச்ச ஆளுகிட்டயா?"

"வேற யாருகிட்ட கேட்ப? காத்துகிட்டயா?"

சட்டம் வருவதற்கு முன்னால் ஒரு கோடையில் வால்டெமார் அவளுடைய மொட்டைமாடிக்கு வந்து மூன்று செடிகளைப் பிடுங்கினார். கூடவே அவளையும் கூட்டிப்போனார். அதற்குப் பிறகு ரொட்டிக் கடையில் எதிர்ப்பட்டால் இருவரும் தலையை மட்டும் அசைத்துக்கொள்வார்கள்.

அவள் போனபோது அவர் கொல்லையில் உட்கார்ந்திருந்தார். அக்குளில் வெந்நீர்க் குடுவை, கையில் மாத்தே இலைப்பானம் உறிஞ்சும் சுரைக்குடுக்கை.

"வாங்க பக்கத்து வீட்டம்மா. ராணியைப் பார்க்க வந்தீங்களா?"

"ராணியா?"

"பேரு வச்சிருக்கேன். என்ன வளர்த்தி பாருங்க! உங்க சங்கத்துச் செடியெல்லாம் இவ இடுப்புக்கு வருமா?"

"இன்ஸ்பெக்டர், இது ராணி இல்ல. ராஜா."

அவர் உறிஞ்சுவதை நிறுத்தினார். "பொறாமை."

"ஆண் செடிதான் முதல்ல நெட்டுக்கு வளரும். இந்த மணி அத்தனையும் மகரந்தம். ஒரு இழுப்புக்குக்கூட ஆகாது. சாயங்காலத்துக்குள்ள காத்து வந்து இதை அள்ளிட்டு வந்தா எங்க தோட்டம் காலி."

"எனக்கா சொல்லித் தரீங்க? சர்வீஸ் முழுக்க இந்தச் செடியோட புழங்கினவன் நான்."

"புழங்கினீங்க, பிடுங்கினீங்க. ஒண்ணையாவது பூக்க விட்டீங்களா?"

வால்டெமார் செடியைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். "கோர்ட்டு ஆர்டர் இருக்கா?"

"இல்ல."

"அப்ப ராணி இங்கதான் இருப்பா. உங்க வீட்டுக்கு நான் ஆர்டரோடதான் வந்தேன்."

"ஆமா. வந்த வேகத்துல படியில இருந்த துளசித் தொட்டியையும் உதைச்சு உடைச்சீங்க. அதுக்கும் ஆர்டர் இருந்துதா?"

"அப்ப பழி வாங்கத்தான் வந்திருக்கீங்க."

"பழின்னா உங்களையும் சேர்த்துக் கூட்டிட்டுப் போவேன். எனக்குச் செடி மட்டும் போதும்." அவள் குரலைத் தணித்தாள். "ஒரு தடவை வந்து பெண் செடியைப் பாருங்க. அப்புறம் உங்க இஷ்டம்."

சங்கத்து வாசலில் அவரை நிறுத்தினாள். "இங்கிருந்தே பாருங்க. வெளியாள் உள்ள வரக் கூடாதுன்னு விதி."

"நல்ல விதி" என்றார் அவர். வாசலை ஒட்டி நின்ற செடியை நோக்கிக் குனிந்தார். நுனியில் வெள்ளை இழைகள் விரிந்திருந்தன. மோந்து பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடியும் மோந்தார்.

"இதை நான் பார்த்ததே இல்ல."

தெருவில் ஒரு ஜன்னல் கதவு அறைந்தது. வெக்கையில் சுருண்டிருந்த இலைகள் புரண்டன. காற்று திரும்பிவிட்டது.

இருவரும் ஓடினார்கள். வால்டெமார் நேரே போய்ச் செடியின் அடித்தண்டை இரண்டு கையாலும் பற்றினார்.

"பிடுங்காதீங்க!"

அவர் அப்படியே நின்றார்.

"கை பழக்கம்" என்றார்.

"உலுக்கினா எல்லாம் பறந்துடும். முதல்ல நனைக்கணும், மூடணும், கடைசியிலதான் வெட்டணும்."

அவள் குழாயைத் திறந்து மெல்லத் தூறலாய்ப் பிடித்தாள். மூடுவதற்கு அவர் ஒரு படுக்கை விரிப்பைக் கொண்டுவந்தார். காற்று அதைப் பிடுங்கி எலுமிச்சை மரத்தில் மாட்டியது. உள்ளே ஓடியவர் இந்தத் தடவை தன் போலீஸ் மழைக்கோட்டோடு வந்தார். கருநீல ரப்பர். மார்பில் வில்லை இருந்த இடம் மட்டும் வெளுக்காமல் இருந்தது. செடியின் தலைவழியாகப் போர்த்தி, பட்டன்களை மேலிருந்து கீழே ஒவ்வொன்றாகப் போட்டார். கோட்டின் கைகள் இரண்டும் வெறுமையாய்த் தொங்கின.

"தொப்பி இல்லையா?" என்றாள் நிபியா.

"அதைத் திருப்பி வாங்கிக்கிட்டாங்க."

அடியில் வெட்டினாள். ஆளுக்கொரு பக்கம் தாங்கி வீட்டுக்குள் நடத்திப்போனார்கள். சுவருக்கு மேல் ஹெபரின் தலை தெரிந்தது. அவன் பழப்பெட்டியில் ஏறியிருந்தான்.

"யாரை அரெஸ்ட் பண்றீங்க, இன்ஸ்பெக்டர்?"

"ராணியை."

"என்ன குத்தம்?"

"ஆள்மாறாட்டம்."

ஹெபர் பெட்டியிலிருந்து விழுந்த சத்தம் கேட்டது. சிரிப்பும் கேட்டது.

பம்பேரோ வந்தது. சமையலறை ஜன்னலில் சங்கத்துத் தோட்டத்தின் உச்சிகள் குனிந்து நிமிர்வது தெரிந்தது. மழைக்கோட்டு குளியலறையில் சாய்ந்து நின்றது. வால்டெமார் மாத்தேயில் வெந்நீர் ஊற்றி நீட்டினார். அவள் உறிஞ்சிவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். மாத்தே குடிக்கையில் நன்றி சொன்னால் 'இனி வேண்டாம்' என்று அர்த்தம். அவள் சொல்லவில்லை.

அடுத்த முறை அவருடையது. ஊற்றிக் குடித்தார்.

"உங்க மாடியில இருந்த அந்த மூணு செடி. அதெல்லாம் ஆணா, பெண்ணா?"

"தெரியறதுக்குள்ள வந்துட்டீங்களே, இன்ஸ்பெக்டர்."

அவர் ஊற்றிக் கொடுத்ததை அவள் குடித்து முடித்ததும் வால்டெமார் மறுபடி வெந்நீர் ஊற்றினார். முறை அவருடையது. அவளிடமே நீட்டினார்.