தப்புப் பாட்டு

அக்கா புருஷனுக்குப் பக்கவாதம் வந்து வலது கையும் பேச்சும் போயின. மிஞ்சிய ஒரே சொல் "ஆச்சு". பசிக்கிறதா என்றாலும் ஆச்சு, மின்விசிறியைப் போடவா என்றாலும் ஆச்சு. அத்தான் பள்ளி வேன் ஓட்டியவர். வண்டி நிறையப் பிள்ளைகள் கத்த, அதற்கும் மேலே தொண்டையைத் திறந்து பாடிக்கொண்டே ஓட்டுவார். அந்த வாய்க்கு இந்தக் கதி. கடவுள் என்று ஒருவர் இருந்தால், அவரிடம் நான் நேரில் கேட்கவேண்டியது நிறைய இருக்கிறது.

அக்கா துணிக்கடையில் பில் போடுகிறாள். பகல் முழுக்க நின்றே செய்கிற வேலை. அதனால் நான் என் தையல் மெஷினை அவள் வீட்டுக் கூடத்துக்கே கொண்டுவந்துவிட்டேன்.

பேச்சுப் பயிற்சி கொடுக்க ஒரு பெண் வந்தாள். "பாட்டு மூளையில வேற பக்கம் இருக்குங்க. சின்ன வயசுல மனப்பாடமான பாட்டு ஏதாவது இருந்தா போட்டு விடுங்க. அதைப் பிடிச்சுக்கிட்டே பேச்சு திரும்பி வரலாம்" என்றாள்.

அக்காவுக்கு உடனே 'மாடிவீட்டுக் கோஷ்டி' ஞாபகம் வந்தது. அத்தான் பையனாக இருந்தபோது டிவியில் வந்த சிரிப்பு நாடகம். ஒரு வாத்தியக் கோஷ்டி மாடியில் குடியிருக்கும். சத்தம் தாங்காமல் கீழ்வீட்டு அம்மாள் சண்டை போட ஏறி வருவாள், கடைசியில் அவளும் சேர்ந்து பாடுவாள். வாராவாரம் இதே கூத்துதான். அக்காவும் நானும் அதைப் பார்த்ததில்லை. அப்போது எங்கள் வீட்டில் டிவி ஏது? அத்தான் சொல்லிச் சொல்லித்தான் தெரியும். டிவிடி கடைக்காரர் ஒருவரிடம் சொல்லிவைத்து, பழைய பாகங்கள் அடங்கிய டிவிடிப் பெட்டியை அக்கா வாங்கிவந்தாள்.

தொடக்க இசை வந்ததுமே அத்தான் பாடினார். சொல் பிசகாமல், தாளம் தப்பாமல், முகப்புப் பாட்டு முழுவதையும் பாடினார். அக்கா சமையலறை வாசலில் கரண்டியோடு நின்று அழுதாள். எனக்கும் கண் நிறைந்துவிட்டது.

அந்தச் சந்தோஷம் அதோடு சரி. நாடகத்துக்கு நடுவே பாட்டு வந்தால் அத்தான் வேறு எதையோ பாடினார். அங்கே ஒரு தாளம், இவர் வேறு தாளம். மழைக் கதை ஒன்று. கூரை ஒழுகுகிறது, கோஷ்டி தட்டும் அண்டாவுமாக ஓடுகிறது. பாட்டோ, "வானம் நீலம், நெஞ்சம் பாலம்". கூரை ஒழுகும்போது வானம் நீலமாம்! அதுதான் நகைச்சுவையாக்கும் என்று நாங்களும் சிரித்துவைத்தோம். அத்தான் சிரிக்கவில்லை. முகம் சிவந்து, "குடை எடுக்க மறந்தவனே" என்று ஏதோ கத்திவிட்டு ரிமோட்டைத் தூக்கி எறிந்தார்.

"பழைய ஞாபகமெல்லாம் ஒண்ணோடொண்ணு கலந்துபோச்சு" என்றாள் பயிற்சிப் பெண். ஒவ்வொரு அடியாக நிறுத்தி, "தப்பு சார், இப்படிச் சொல்லுங்க, வானம் நீலம்" என்று பிள்ளைக்குச் சொல்வதுபோலச் சொன்னாள். அவர் வாயை இறுக மூடிக்கொண்டார். வரவர அவள் வந்தாலே சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

இதற்குள் அவரைத் தூக்கி உட்காரவைத்தே அக்காவின் இடுப்பு போயிற்று. ஊரார் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள், கை கொடுக்க ஒருவரும் வரவில்லை. அக்கா ஒரு பராமரிப்பு இல்லத்தில் அவருக்கு இடம் சொல்லிவைத்தாள். "அந்தப் பாட்டைச் சரியா பாடுற அளவுக்காவது தேறினார்னா, எப்பாடு பட்டாவது வீட்லயே வெச்சுக்குவேன். புத்தியும் போயிடுச்சுன்னா நான் ஒருத்தி என்னடி பண்ணுவேன்?" என்று என்னிடம் அழுதாள். அத்தான் அங்கேயேதான் உட்கார்ந்திருந்தார். பேச்சுப் போனவருக்குக் காதும் போய்விட்டது என்று நாமாகவே முடிவு கட்டிவிடுகிறோம்.

அவரைக் கொண்டுபோய் விடுவதற்கு முதல் நாள். அவர் சட்டைகளைப் பையில் அடுக்கிவிட்டு அக்கா குளிக்கப் போயிருந்தாள். மழைக் கதை ஓடிக்கொண்டிருந்தது. போன் வந்ததால் டிவி சத்தத்தை முழுக்கக் குறைத்தேன். வாடிக்கைக்காரி ஒருத்தி கழுத்து அளவு சொல்லிக்கொண்டிருந்தாள். முதுகுக்குப் பின்னால் அத்தான் மெல்லப் பாடுவது கேட்டது.

"குடை எடுக்க மறந்தவனே, கூரை இங்கே ஒழுகுதடா."

தற்செயலாகத் திரையைப் பார்த்தேன். கீழ்வீட்டு அம்மாளின் வாய் அத்தானின் பாட்டைப் பாடியது. "மறந்தவனே" என்று அவர் சொல்ல, அங்கே அவள் உதடு மூடித் திறந்தது. "ஒழுகுதடா" என்றபோது குவிந்தது. தண்ணீர் சொட்டும் இடத்தில் பாட்டும் சொட்டியது. இத்தனை நாளும் நாங்கள் அத்தானின் வாயைத்தான் பார்த்தோம், திரையில் இருந்தவர்கள் வாயைப் பார்க்கவே இல்லை.

டிவிடி விற்றவருக்குப் போன் போட்டேன். "ஆமாம்மா, பழைய பாட்டுக்கெல்லாம் உரிமை கிடைக்கலையாம். முகப்புப் பாட்டை மட்டும் விட்டுட்டு, மத்த இடத்துல வேற பாட்டு போட்டுட்டாங்க. வாயசைவை யாரு உத்துப் பாக்கப்போறா?" என்றார் சாவகாசமாக. எனக்கு வந்த ஆத்திரத்தில் போனையே கடித்துத் துப்பியிருப்பேன்.

அக்கா ஈரத்தலையோடு வந்தாள். அவளைச் சமையலறைக்குள் இழுத்துப்போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "அப்ப அவர் பாடினதுதான் சரியா? நாமதான் தப்பு தப்புன்னு..."

"நீயே பாருக்கா" என்று அவளைக் கூடத்துக்கு அழைத்துவந்து, பாட்டை முதலிலிருந்து, சத்தமில்லாமல் ஓடவிட்டேன்.

"அத்தான், பாடுங்க. அந்த மழைப் பாட்டு."

அவர் என்னைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார். கட்டில்மேல் இருந்த பையைப் பார்த்தார். இடது கையை ஊன்றி, முடிந்தவரை நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"வானம் நீலம், நெஞ்சம் பாலம்" என்று பாடினார்.

ஓர் அடி விடாமல் பாடினார். எப்போது கற்றுக்கொண்டார், எங்களுக்குத் தெரியாமல் எத்தனை முறை மனசுக்குள் சொல்லிப் பார்த்தார், தெரியாது. திரையில் அந்த அம்மாள் வாய் வேறு எதையோ பாடிக்கொண்டிருந்தது. அவர் திரையைப் பார்க்கவே இல்லை. அக்காவின் முகத்தையே பார்த்துப் பாடினார்.

"ஐயோ, அது இல்லீங்க" என்று அக்கா அவர் காலடியில் உட்கார்ந்து கதறினாள். "அது வேணாங்க. நீங்க எங்கயும் போகவேணாம்."

கதறலில் சொல் எதுவும் தெளியாமல், அவருக்கு அந்த அழுகை மட்டும்தான் புரிந்தது. எங்கோ பிழை விட்டுவிட்டோம் என்று பயந்து, முதல் அடியிலிருந்து மறுபடி ஆரம்பித்தார், இன்னும் சத்தமாக.