இரண்டு முறை இட்ட பாகு

விக்கென் திரும்பி வந்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. ஜெனரேட்டருக்கு டீசல் வாங்கக் காலையில் போனவன். வரிசையில் நின்று கால் மரத்துப்போய், அரை கேன் டீசலோடு ஜெம்மெய்ஸே தெருவுக்குள் நுழைந்தான். கடையின் கதவு திறந்து கிடந்தது. பீர் காய்ச்சும் அறையின் வாசலில் கடையின் கூட்டாளி ஹனான் சட்டைக் கையைச் சுருட்டிவிட்டுக்கொண்டு, போரில் ஜெயித்தவள் மாதிரி நின்றிருந்தாள். அவள் பின்னால் பெட்டி பெட்டியாகப் புட்டிகள். எல்லாவற்றுக்கும் மூடி போட்டாகிவிட்டது.

"எப்படி? நீ வர்றதுக்குள்ள முடிச்சுட்டேன் பாரு. இனிமே எவனாவது என்னைக் கல்லாவுல உக்கார மட்டும்தான் லாயக்குன்னு சொல்லட்டும்."

"தனியாவா செஞ்சே?"

"பின்னே? புர்ஜ் ஹம்மூத்லேர்ந்து உன் சொந்தக்கார ஆர்மீனியப் பட்டாளமா வந்துச்சு?"

"பாகு?"

"மறப்பேனா? புட்டிக்கு ஒரு கரண்டி. முந்தி எங்க வீட்டு அடுக்களையில செய்வோமே, அதே மாதிரி."

விக்கென் மூலையைத் திரும்பிப் பார்த்தான். கர்ரூப் என்னும் இனிப்புக் காயின் பாகு இருந்த டின் அங்கே காலியாகக் கிடந்தது.

போன குளிர்காலத்திலிருந்து பீருக்கு நுரை ஏற்றும் வாயு உருளை ஊரில் கிடைக்கவில்லை. அதனால் பழைய வழிக்குத் திரும்பியிருந்தார்கள். மூடுவதற்கு முன் பீரில் கொஞ்சம் பாகு சேர்த்தால், அதில் உயிரோடிருக்கும் ஈஸ்ட் அந்த இனிப்பைத் தின்று வாயுவை உண்டாக்கும். அளவாகப் போட்டால் நுரை. அளவு மீறினால் கண்ணாடி தாங்காது. கரண்டி கரண்டியாக ஊற்றும் வேலையை விக்கென் எப்போதோ விட்டுவிட்டான். புட்டியில் அடைக்கும் நாளன்று முழுத் தொட்டிக்கும் சேர்த்துக் கலந்துவிடுவான். அன்று காலையும் கலந்துவிட்டுத்தான் டீசலுக்குப் போனான். அவளிடம் சொல்லவில்லை. அவள் தானே அடைப்பாள் என்று யார் கண்டது?

சொல்ல வாயைத் திறந்தான். ஹனான் புட்டி ஒன்றை வெளிச்சத்தில் பிடித்து, பிறந்த குழந்தையைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தாள். கையிருப்பில் வேறு மூடிகள் இல்லை. இருந்த கடைசிச் சாக்கை அவள் தீர்த்துவிட்டாள். இவற்றைத் திறந்தால் மறுபடி மூட வழியில்லை, திறப்புவிழாவுக்குப் பீரும் இல்லை.

"நல்லா செஞ்சிருக்கே," என்றான்.

குளிரில் ஈஸ்ட் தூங்கிவிடும். குளிர் அறையை நிற்காமல் ஓட்டினால் போதும், பார்த்துக்கொள்ளலாம். அப்படித்தான் தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

அந்தத் திறப்புவிழாவில்தான் கடையின் உயிர் இருந்தது. ஒரு காலத்தில் இந்தத் தெருவில் மூலைக்கு மூலை சொந்தமாகப் பீர் காய்ச்சி விற்றார்கள். தாடி வைத்த பையன்கள் கசப்பைப் பற்றி ஒரு ராத்திரி முழுக்கச் சண்டை போடுவார்கள். இப்போது ஒருவன் மாண்ட்ரீலில் லாரி ஓட்டுகிறான். இன்னொருவன் துபாயில் குளிர்பானக் கம்பெனியில் இருக்கிறான். அவர்கள் இடங்களில் எல்லாம் வெளிநாட்டிலிருந்து லீவுக்கு வருகிறவர்களுக்கான ஒயின்கடைகளும், நின்றபடி மலிவு அரக் குடிக்கும் சந்துகளும் வந்துவிட்டன. போன ஆகஸ்டில் துறைமுகம் வெடித்ததில் இவர்கள் கடையின் முகப்பு பெயர்ந்து உள்ளே விழுந்தது. ஒரு வருடமாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டி எழுப்பியிருந்தார்கள். ஹனான் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்.

"ஒரே ஒரு சாயங்காலம், விக்கென். நம்ம தெரு ஆளுங்க வந்து உக்காந்தாங்கன்னா தொடருவோம். வரலேன்னா பக்கத்து ஒயின்கடைக்காரன்கிட்ட சாவியைக் குடுத்துடறேன். காலி நாற்காலிக்கு எல்லாம் என்னால ஊத்திக்கிட்டிருக்க முடியாது."

வாங்கிய டீசல் தீர்ந்துவிட்டது. நாள் நெருங்க நெருங்க, தெருவுக்கு ஜெனரேட்டர் கரண்ட் விற்கிறவனை விக்கென் கெஞ்சிக்கொண்டே இருந்தான். விழா அன்று மத்தியானம் அவன் கையை விரித்துவிட்டான்.

"டீசல் இல்லை, கண்ணு. ஆஸ்பத்திரிக்கே இல்லை, உன் பீருக்கு எங்க போவேன்?"

விக்கென் ஐஸ் தேடி அலைந்தான். மீன்கடையில் கொஞ்சம் கிடைத்தது. கல்லாவுக்குப் பின்னால் இருந்த அலமாரியில் பெட்டிகளை அடுக்கி மேலே ஐஸைக் கொட்டினான். ஜூலை மாதச் சூட்டில் அது அவன் கண்ணெதிரிலேயே தண்ணீரானது.

ஆனால் ஆட்கள் வந்தார்கள். தையல்காரர் வந்தார், சாவிக்கடைக்காரர் குடும்பத்தோடு வந்தார், அரக் சந்துக்குப் போக ஆரம்பித்திருந்த பழைய முகங்கள் வெட்கத்தோடு வந்தன. நாற்காலி போதாமல் ஹனான் பக்கத்துக் கடையில் இரவல் வாங்கினாள். கடைசியாக எமில் வந்தார். மருந்துக்கடை வைத்திருந்ததால் தெருவே அவரை ஹக்கீம், அதாவது வைத்தியர் என்றுதான் கூப்பிடும். வெடிப்பில் அவருக்கு இடது கண் போயிற்று. ஜன்னலருகே நின்றிருந்த மனைவி ஓடெட் இறந்துபோனாள். அதன் பிறகு அவர் வீட்டு ஜன்னல்களுக்குக் கண்ணாடி போடவில்லை, பிளாஸ்டிக் தாள்தான். எந்தக் கடையிலும் உட்காருவதில்லை. ஹனான் வீடேறிப் போய் மன்றாடி அழைத்திருந்தாள்.

"அடடா, ஹக்கீம் வந்துட்டாளா!" என்று விக்கென் கூவினான். அரபியில் ஆணுக்கும் பெண்ணுக்கும் வித்தியாசம் அவன் நாக்கில் எப்போதும் தடுக்கும். ஆர்மீனியர்கள் என்றாலே ஊர் சிரிக்கிற விஷயம் அது.

"வந்துட்டா, தம்பி, வந்துட்டா," என்றார் எமில். "இந்தப் பொண்ணுக்கு ஒரு க்ளாஸ் ஊத்து. முப்பது வருஷம் பொறுத்தாலும் நீ அரபி கத்துக்கப்போறதில்லை. பீராவது ஒழுங்கா காய்ச்சறியான்னு பாக்கறேன்."

எல்லோரும் சிரித்தார்கள். எமில் ஒரு வாய் குடித்து, மீசையில் ஒட்டிய நுரையைத் துடைத்தார்.

"கர்ரூப்பா?"

"ஆமா."

"நுரை கொஞ்சம் முரட்டுத்தனமா இருக்கே. பரவாயில்லை. உன்னை மாதிரியே."

ஹனான் கல்லாவிலிருந்து விக்கெனைப் பார்த்தாள். அவள் கண் கலங்கியிருந்தது. தொடரலாம் என்று அந்தக் கண் சொன்னது. தானும் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு எமில் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

அப்போது முதல் புட்டி வெடித்தது.

யாரோ கதவை அறைந்ததுபோல ஒரு சத்தம். அடுத்தது. பிறகு ஒன்றின் அதிர்ச்சியில் மற்றொன்றாக ஒரு பெட்டியே போயிற்று. சில்லுகள் அலமாரிக் கதவில் மோதித் தரையில் கொட்டின.

யாரும் அலறவில்லை. அதுதான் விக்கெனால் தாங்க முடியாததாக இருந்தது. கடை முழுவதும் ஒரே மூச்சில் தரையில் விழுந்து, பிடரியின்மேல் கைகளைக் கோத்துக்கொண்டு கிடந்தது. சாவிக்கடைக்காரர் தன் பிள்ளைகள் மேல் கவிழ்ந்திருந்தார். அலமாரியிலிருந்து பீர் வழிந்து நாற்காலிக் கால்களைச் சுற்றி ஓடியது.

"பீர்தான்!" என்று தையல்காரர் கத்தினார். "ஒண்ணுமில்லை, புட்டிதான் வெடிச்சுது!"

இரண்டொருவர் தேவைக்கு மேல் சத்தமாகச் சிரித்தார்கள். ஒவ்வொருவராக எழுந்தார்கள். ஒருவருக்கும் காயமில்லை. எமில் மட்டும் எழவில்லை. மேஜைக்கு அடியில் ஹனானின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"ஜன்னல்கிட்ட நிக்காதே, ஓடெட்," என்றார். குரல் மிகவும் சாதாரணமாக இருந்தது. "புகையை அப்புறம் பாத்துக்கலாம். இந்தப் பக்கம் வா. சொன்னாக் கேளும்மா."

ஹனான் விக்கெனை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு குனிந்து அவர் காதருகே சொன்னாள்.

"வந்துட்டேன், எமில். நகந்துட்டேன். இங்கதான் இருக்கேன்."

அவர் தலையை ஆட்டினார். பிடியை விடவில்லை. மற்றவர்கள் சத்தம் போடாமல் வெளியேறினார்கள். சிலர் குடிக்காத க்ளாஸ்களை அப்படியே வைத்துவிட்டுப் போனார்கள். கடைசியில் தையல்காரர்தான் எமிலைத் தோளில் சாய்த்து வீட்டுக்குக் கூட்டிப்போனார்.

ஹனான் ஈரத் தரையில் உட்கார்ந்தபடியே இருந்தாள்.

"கரண்டி பெரிசா போச்சா, விக்கென்? என் கைதான். அந்த மனுஷனை நான்தான் வற்புறுத்திக் கூட்டிட்டு வந்தேன். நானே…"

இப்போதும் பேசாமல் இருந்திருக்கலாம். பழி அவள் மேலேயே தங்கியிருக்கும்.

"உன் மேல தப்பில்லை," என்றான். "நான் காலையிலயே தொட்டியில கலந்துட்டுத்தான் போனேன். நீ புட்டியில ஊத்துனது ரெண்டாவது தடவை. நீ சொன்ன உடனே எனக்குத் தெரிஞ்சுபோச்சு."

"உடனேயா?"

"வேற மூடி இல்லை, ஹனான். திறந்தா பீரே இருந்திருக்காது. நீ அவ்வளவு சந்தோஷமா இருந்தே."

"பீர் இல்லேன்னா எலுமிச்சைத் தண்ணி குடுத்திருப்போம்," என்றாள். அவள் குரலை உயர்த்தவில்லை. "வெறும் தண்ணி குடுத்திருப்போம். அவங்க என்ன, பீருக்கா வந்தாங்க?"

அவள் எழுந்து, கல்லா மேல் கிடந்த சாவியை எடுத்துக்கொண்டாள். பக்கத்து ஒயின்கடையின் கதவை அவள் தட்டுவது கேட்டது.

மறுநாள் காலை விக்கென் மிச்சப் பெட்டிகளைத் தெருவோரம் கொண்டுவந்து வைத்தான். அப்படியே விட்டால் அவையும் வெடிக்கும். தோல் கையுறை மாட்டி, ஒவ்வொரு புட்டியையும் ஈரச் சாக்கில் சுற்றி மூடியைக் கழற்றினான். ஒவ்வொன்றும் சீறி, நுரையைக் கக்கி அடங்கியது. பழுப்பு பீர் சாக்கடைக்குள் ஓடியது. நல்ல வாசனை. இதுவரை காய்ச்சியதிலேயே நல்லது இதுதானோ என்று அவனுக்குத் தோன்றியது.

தெருமுனையில் எமில் ரொட்டிப் பையோடு வந்தார். ஒரு புட்டி சீறியது. அவர் நின்றார். அடுத்தது சீறியபோது தோள் குலுங்கியது. விக்கெனை அடையாளம் கண்டு கையை உயர்த்தினார். புன்னகைகூடச் செய்தார். பிறகு சாலையைக் கடந்து எதிர்ப்புறச் சுவரை ஒட்டியபடி மெதுவாக நடந்து போனார்.

விக்கென் கையிலிருந்த புட்டியைத் திறக்காமல் சாக்கோடு சேர்த்து நெஞ்சில் அழுத்திப் பிடித்துக்கொண்டான். எமில் மூலை திரும்பி மறையும்வரை அசையவில்லை. அதற்குப் பிறகுதான் அடுத்த மூடியைக் கழற்றினான்.