காலஞ்சென்ற ஒன்பதாவது மனு

தவ்ஃபீக் விரித்துக் காட்டிய பேனரைப் பார்த்ததும் மலர்க்கொடிக்கு உச்சந்தலை வரைக்கும் சூடேறியது. பேனரில் அவள் புருஷன் வல்லரசு சிரித்துக்கொண்டிருந்தான். போட்டோவைச் சுற்றி மாலை, இரண்டு பக்கமும் குத்துவிளக்கு, மேலே கொட்டை எழுத்தில் 'கண்ணீர் அஞ்சலி'.

"இன்னாடா இது? என் புருஷன் செத்துட்டான்னு உன்கிட்ட யாருனா வந்து சொன்னாங்களா?"

"யக்கா, கோச்சுக்காத. காரணமாத்தான் போட்டேன்," என்றான் தவ்ஃபீக். திருவொற்றியூர் முழுக்க நல்லது கெட்டதுக்கெல்லாம் பேனர் அடிப்பவன் அவன்தான். "இதுக்கு முன்ன மூணு தபா அடிச்சுக் குடுத்தேன். மூணையும் ஒரு மணி நேரத்துல கழட்டினு போய்ட்டாங்க. சாவு பேனரை மட்டும் எந்த போலீசும் தொடமாட்டான். பதினாறு நாள் அப்படியே நிக்கும். ஜனம் மூஞ்சியப் பாக்கட்டும்னு பாத்தேன்."

அவன் சொன்னதில் பொய் இல்லை. முதல் பேனரில் 'வல்லரசை மீட்டுக் கொடு' என்று போட்டதற்கே, "வெளிநாட்டு விவகாரமெல்லாம் இங்க எதுக்கும்மா? எந்த வல்லரசு?" என்று கேட்டார் ஒரு கான்ஸ்டபிள். "நாடு இல்ல சார், என் வூட்டுக்காரு" என்று அவள் விளக்கி முடிப்பதற்குள் பேனர் ஜீப்பில் ஏறிவிட்டது. மாமனார் என்ன ஆசையில் அந்தப் பெயரை வைத்தாரோ, அதுவும் ஒரு வம்பாகப் போயிற்று.

"அதுக்காக உசுரோட கீறவனுக்கு மாலை போடுவியா? கைய ஒடிச்சிடுவேன்." பேனரைச் சுருட்டி அவன் மேலேயே எறிந்தாள்.

வல்லரசுக்குச் சரக்குக் கப்பலில் எஞ்சினுக்கு ஆயில் போடுகிற வேலை. ஒன்பது மாதத்துக்கு முன் தூரக் கடலில் ஒரு ஆயுதக் குழு அந்தக் கப்பலைப் பிடித்தது. சிறையில் இருக்கும் தங்கள் ஆட்களை விடுகிறவரை கப்பலில் உள்ள இருபத்தொரு பேரையும் விடமாட்டோம் என்றது. கப்பல் முதலாளி ஒரு நாடு, கப்பலில் பறக்கிற கொடி ஒரு நாடு, சரக்கு இன்னொரு நாடு. ஆண்டிகள் கூடி மடம் கட்டின கதையாக ஆளாளுக்குக் கூட்டம் போட்டுக் கலைந்தார்கள்.

போன மாதம் அந்தக் குழு ஒரு வீடியோ விட்டது. எந்த நாட்டு அரசாங்கம் தன் ஆட்களின் பெயரைக் கையெழுத்துப் போட்ட கடிதமாக அனுப்புகிறதோ, அந்த ஆட்கள் வீட்டுக்கு போனில் பேசலாம் என்றது. மற்ற நாட்டுக்காரர்கள் எல்லாம் பேசிவிட்டார்கள். நம் பக்கத்துக் கடிதத்தை அனுப்ப வேண்டியது ராயபுரத்தில் துறைமுகத்தைப் பார்த்தபடி இருக்கும் ஓர் அலுவலகம். அங்கிருந்த அதிகாரிக்கு ஒரே பாட்டுதான்: "அமைதியா இருங்கம்மா. நீங்க சத்தம் போட்டா அவங்க உயிருக்குத்தான் ஆபத்து."

அமைதியாகத்தான் இருந்தாள். எர்ணாவூரிலிருந்து பஸ் ஏறி ஒன்பது மனு கொடுத்தாள். ஒன்பதாவதைக் கொடுத்துவிட்டு வெளியே வந்தவள், மறந்துபோன குடையை எடுக்க மதியம் திரும்பிப் போனாள். அவள் மனுவை விரித்து, அதன் மேல் டிபன் பாக்ஸை வைத்து கிளார்க் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். வல்லரசு என்ற பெயர் மேல் சாம்பார் சொட்டியிருந்தது. அன்று பஸ்ஸில் அவள் அழுத அழுகையைப் பார்த்து கண்டக்டர் டிக்கெட்டே கேட்கவில்லை.

அந்த டிபன் பாக்ஸ் இப்போது நினைவுக்கு வந்தது. எறிந்த பேனரை அவளே குனிந்து எடுத்தாள்.

"தவ்ஃபீக்கு, என் புருஷன் சாவல. ஆனா ஒண்ணு செத்துப்போச்சு. அதுக்கு அடி."

"எதுக்குக்கா?"

"மனுவுக்கு."

அவளோடு வந்திருந்த பெர்சிஸ் அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள். அவள் கணவன் ஜெனிஷ் அதே கப்பலில் எஞ்சினியர். தெற்கிலிருந்து வந்து மொத்த மளிகைக் கடை வைத்திருக்கும் குடும்பம். "அக்கா, நா ரோட்டுக்கு வரக்கூடாதுன்னு அப்பா கண்டிஷனா சொல்லிட்டாவ," என்றாள்.

"சாவுக்குப் போவக்கூடாதுன்னு சொன்னாரா?"

பெர்சிஸ் யோசித்தாள். ஒன்பது மாதத்தில் முதல் தடவையாகச் சிரித்தாள். "அப்படிச் சொல்லலியே."

மறுநாள் காலை தண்டையார்பேட்டையிலிருந்து ராயபுரம் வரை சுவரெல்லாம் போஸ்டர். 'கண்ணீர் அஞ்சலி. காலஞ்சென்ற மனு. தோற்றம்: மார்ச் 11, காலை 11 மணி. மறைவு: அதே நாள், மதியம் 1 மணி, டிபன் பாக்ஸுக்கு அடியில். அண்ணன்மார் எட்டுப் பேரும் முன்னமே காலமாகிவிட்டபடியால், ஆறாத் துயரத்தில் வாடும் மலர்க்கொடி, பெர்சிஸ். இறுதி ஊர்வலம் வியாழன் காலை, கல்மண்டபத்திலிருந்து.' டீக்கடையில் நின்றவர்கள் படித்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தார்கள், அப்புறம் சிரிப்பை நிறுத்திக்கொண்டு மறுபடி படித்தார்கள். ஒருவன்கூடக் கிழிக்கவில்லை.

வியாழக்கிழமை முப்பது பெண்கள் வந்துவிட்டார்கள். சின்னதாய் ஒரு பாடை, சாமந்திப் பூ, நடுவில் மனுவின் நகல், அதன் மேல் மலர்க்கொடியே சொட்டிவைத்த சாம்பார். சாவுக்கு அடிக்கிற சட்டி மேளக்காரன் தயங்கினான். "பாடை தூக்கறது ஆம்பளைங்க வேலையாச்சேம்மா?"

"எங்க ஆம்பளைங்க கப்பல்ல கீறாங்க. நீ அடி நைனா," என்று மலர்க்கொடி முன்கொம்பைத் தோளில் வைத்தாள். பின்கொம்பைப் பிடித்தவள் பெர்சிஸ்.

மேளம் கிளம்பியதும் பஸ் ஒதுங்கியது, ஷேர் ஆட்டோ ஒதுங்கியது. முனையில் நின்ற கான்ஸ்டபிள் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். முதல் பேனரைக் கழற்றிய அதே ஆள்தான். இன்ஸ்பெக்டர் செங்குட்டுவன் மட்டும் குறுக்கே வந்தார்.

"பர்மிஷன் இருக்கா?"

"சாவுக்கு எவன் சார் பர்மிஷன் வாங்குறான்?"

"யாரு செத்தது?"

"மனு."

"என்ன வயசு?"

"பொறந்த அன்னிக்கே போச்சு சார்."

"அடப் பாவமே," என்று வழிவிட்டார் இன்ஸ்பெக்டர். ஊர்வலத்தில் பாதி தாண்டிய பிறகுதான் போஸ்டர் அவர் கண்ணில் பட்டது. அதற்குள் பாடை அலுவலக வாசற்படியில் இறங்கிவிட்டது.

அதிகாரி மாடி ஜன்னலிலிருந்து கத்தினார். "யாரைக் கேட்டு இதை இங்க வச்சீங்க? எடுத்துட்டுப் போங்க!"

"உங்க வூட்லதான் சார் செத்துச்சு! நீங்கதான் எடுக்கணும்!" என்று மலர்க்கொடி கீழேயிருந்து கத்தினாள்.

மணி ஒன்றானது. வாசலில் பிணம் கிடக்கும்போது எவனுக்குச் சோறு இறங்கும்? காகிதப் பிணம்தான், ஆனாலும் மேளம் மேளம்தானே. மாடியில் ஒரு டிபன் பாக்ஸும் திறக்கவில்லை. தெருவில் கூட்டம் சேர்ந்தது, எல்லார் கையிலும் செல்போன் உயர்ந்தது. இரண்டே காலுக்கு அதிகாரி தாளோடு இறங்கி வந்தார்.

"பாருங்க, கடிதம் ரெடி. நம்ம ஆளுங்க பேரெல்லாம் போட்டாச்சு. படிக்கிறேன், கேட்டுட்டுக் கிளம்புங்க." வேகவேகமாகப் படித்தார். "...நாலு, ஜெனிஷ். அஞ்சு, லேட் வல்லரசு."

மேளம் நின்றது.

மலர்க்கொடி அந்தத் தாளையே பார்த்தாள். ஒன்பது மாதமாக எந்த வார்த்தையை வாசலுக்கு வெளியே நிறுத்தி வைத்திருந்தாளோ, அது அரசாங்கத் தாளில் வந்துவிட்டது. இவர்களுக்குத் தெரியுமோ? தெரிந்துதான் அமைதியாக இரு, அமைதியாக இரு என்றார்களோ?

"எப்போ?" என்றாள். "எப்போ சார்?"

அதிகாரி அப்போதுதான் தாளைச் சரியாகப் பார்த்தார். முகம் வெளுத்தது. "ஐயோ, அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா! கிளார்க் காலையில போஸ்டர்ல உங்க பேரைப் பாத்துட்டு... நீங்க பாடையோட வர்றீங்கன்னதும் தப்பா டைப் பண்ணிட்டாரு. அவருக்கு ஒண்ணும் ஆகல. சத்தியமா எங்களுக்கு எந்தத் தகவலும் இல்ல."

பெர்சிஸ் அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள். மலர்க்கொடி இரண்டு தரம் மூச்சு வாங்கினாள். பிறகு கையை நீட்டி அதிகாரியின் சட்டைப் பையிலிருந்து பேனாவை உருவினாள். தாளை அவர் கையில் வைத்தே, 'லேட்' என்ற எழுத்தின் மேல் தாள் கிழிகிற அளவுக்கு அழுத்தி அடித்தாள்.

"லேட்டு அவரு இல்ல சார். லேட்டு நீங்க. ஒம்போது மாசம் லேட்டு. போடுங்க கையெழுத்த."

அவர் போட்டார். அங்கேயே போனில் படமெடுத்து அந்தக் குழுவுக்கு அனுப்பவும் வைத்தாள். போய்ச் சேர்ந்ததா என்று பெர்சிஸ் எட்டிப் பார்த்து உறுதி செய்தாள்.

இன்ஸ்பெக்டர் தொண்டையைச் செருமினார். "அதான் வேலை முடிஞ்சிருச்சேம்மா. பொணத்தை எடுத்துடுங்க."

மலர்க்கொடி முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு பாடைக்குப் பக்கத்தில் படியில் சப்பணமிட்டு உட்கார்ந்தாள். செல்போனை எடுத்து மடியில் வைத்தாள்.

"சொந்தக்காரரு கப்பல்லேர்ந்து பேசணும் சார். அவரு பேசாம எப்படி எடுக்கறது?" என்றவள் மேளக்காரன் பக்கம் திரும்பினாள். "இன்னா நைனா, கை நோவுதா? அடி."