ஒன்பது கிலோ குறைவு

பந்தயம் முடிந்ததும், ஓட்டியவன் உள்ளே உட்கார்ந்தபடியே காரை எடை போடுவார்கள். நானூறு மீட்டரை ஒரே மூச்சில் கடக்கும் போட்டியில் லேசான கார் முந்திவிடும். அதனால் காருக்கும் ஆளுக்கும் சேர்த்துக் குறைந்தபட்ச எடை உண்டு. கணக்குக் குறையாதபடி சீட்டுக்கு அடியில் ஈயக்கட்டிகளைத் திருகி வைப்பது ஓட்டுபவனின் மனைவியான அவள் வேலை. கணவனின் எடை எழுபத்தெட்டு கிலோ. கல்யாணமான நாளிலிருந்து அதே எழுபத்தெட்டு. அந்த சீசனில் அவனை நிறுத்துப் பார்க்க அவளுக்குத் தோன்றவே இல்லை.

அன்று அவன் முதலாவதாக வந்தான். எடைமேடை ஒன்பது கிலோ குறைத்துக் காட்டியது.

"என்னப்பா, ஈயத்த வழியிலேயே வித்துட்டியா?" என்றான் அடுத்த அணியின் மெக்கானிக். போன சீசனில் வேறொருவன் கார் ஓடும்போதே ஈயத்தை உதிர்த்து மாட்டிக்கொண்டிருந்தான். அதனால் யாரும் விளக்கம் கேட்கவில்லை. ஏமாற்றியவர்களின் பட்டியலில் அவள் கணவனின் பெயரும் ஏறியது. ஐந்து மாதத்தில் நோய் முற்றி ஆள் போய்ச் சேர்ந்தான்.

அவனுடைய பையில் ஆஸ்பத்திரிச் சீட்டு ஒன்று கிடைத்தது. எடை: அறுபத்தொன்பது. அவள் கண்ணுக்கு அந்த எண் மட்டும்தான் தெரிந்தது.

"அண்ணனே போயாச்சு, பேரு எங்க இருந்தா என்ன, அண்ணி?" என்றான் கொழுந்தன்.

"உனக்கு ஒண்ணுமில்ல. எனக்கு இருக்கு."

மேல்முறையீட்டு அறையில் மூன்று பேர். நடுவில் இருந்த பரிசோதகர் அவர்கள் வீட்டில் கைநனைத்தவர். சீட்டை இரண்டு முறை படித்தார்.

"நம்புறேம்மா. உடம்புதான் குறைஞ்சிருக்கு, ஈயம் இல்ல."

"அப்ப பேர எடுத்துடுவீங்களா, அண்ணா?"

அவர் தேதியில் விரலை வைத்தார். "பந்தயத்துக்கு மூணு வாரம் முன்னாடியே டாக்டரப் பாத்திருக்கான். பந்தயத்தன்னிக்கு, எனக்கு ஒரு நோயும் இல்லன்னு கையெழுத்துப் போட்டுட்டுத்தான் வண்டியில ஏறினான்."

"எனக்குத் தெரியாதுண்ணா."

"உனக்குத் தெரியாதும்மா. அவனுக்குத் தெரியும்."

காரணம் எதுவானாலும் எடை குறைந்தால் குறைந்ததுதான். அது ஒரு விதி. நோயை மறைத்து ஓட்டக்கூடாது என்பது இன்னொரு விதி. அரை மணி நேரத்தில் வாசல் பலகையில் புதுப் பட்டியலை ஒட்டினார்கள். அவன் பெயருக்கு எதிரே ஒரு வரி இருந்த இடத்தில் இப்போது இரண்டு.

"அந்தச் சீட்டையாவது திருப்பிக் குடுங்கண்ணா."

பரிசோதகர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"ஃபைல்ல சேத்தாச்சும்மா."