பிங்கோவுக்குப் பசியில்லை

உலகில் இரண்டே வகை மனிதர்கள். நாய்க்குக் கட்டளை இடுபவர்கள் ஒரு வகை, நாயிடம் கட்டளை வாங்குபவர்கள் இன்னொரு வகை. முதல் வகையில் இதுவரை ஒருவன்தான் பிறந்திருக்கிறான். வடகோடிப் பனிப்பிரதேசத்து யூக்கான் ஆற்றங்கரையில், எங்கள் வீட்டில், எனக்கு இரண்டு வருடம் முன்னால் பிறந்தான். பெயர் லெஸ்டர். இந்தத் தகவலை எனக்குத் தந்ததும் அவன்தான்.

இரண்டாம் வகைக்கு அவன் காட்டும் உதாரணம் எங்கள் அப்பா.

அப்பாவின் நாய்ப்பண்ணையில் பிங்கோதான் தலைநாய். ஊர்க்கூடத்தில் அம்மா பிங்கோ என்ற சீட்டு விளையாட்டில் ஒரு மூட்டை அரிசி ஜெயித்த அன்று பிறந்தவள். சறுக்குவண்டிக்கு முன்னால் அவளைக் கட்டினால் போதும், மற்ற நாய்கள் யோசிக்கிற வேலையை விட்டுவிட்டு ஓடும். ஆற்றுப் பனி எங்கே இளகியிருக்கிறது என்பதைக் கால் வைக்காமலே கண்டுபிடிப்பாள். ஒரே குறை, சாப்பிடமாட்டாள். சால்மன் மீனும் அரிசியும் கொழுப்பும் போட்டு அரை டிரம்மில் கொதிக்கவைத்த கூழை முன்னால் வைத்தால், கோர்ட் சம்மன் வந்ததுபோல் பார்ப்பாள்.

அப்போது அப்பா நாலு காலில் இறங்குவார். கிண்ணத்துக்குள் முகத்தை விட்டு ஒரு உறுமல், இரண்டு வாய் விழுங்கல். சும்மா பாவனை செய்தால் நடக்காது. பிங்கோ அவர் வாயை மோந்து பார்த்துத்தான் நம்புவாள். நம்பியதும், தன் சொத்து கைவிட்டுப் போகிறதே என்று பதறி வந்து, கிண்ணத்தைத் துடைத்து வைத்துவிடுவாள்.

இதை லெஸ்டர் ஊர்க்கூடத்தில் நடித்துக் காட்டினான். பின்புறத்தைத் தூக்கி, தோல்தொப்பியின் காதுகளை ஆட்டி, நாலு காலில் மேசையைச் சுற்றி வந்தான். ஊரே சிரித்தது. அப்பாவும் சிரித்தார். “உறுமலத்தான் ரொம்பத் தூக்கிட்ட. தொண்டைக்குள்ளயே இருக்கணும்” என்று திருத்தமும் சொன்னார்.

“இனிமே என் முறைதாம்ப்பா,” என்றான் லெஸ்டர். “கிண்ணத்த வெப்பேன். திங்கலன்னா எடுத்துருவேன். நாய்க்கு மனுசங்கிட்ட ஒரு பயம் வேணும்.”

“சரிடா. பயமுறுத்து.”

முறை அற்புதமாக வேலை செய்தது. லெஸ்டர் கிண்ணத்தை வைத்துவிட்டு, உள்ளே போய் ஒரு காப்பி குடித்துத் திரும்புவான். கிண்ணம் பளபளக்கும். அந்த இடைவேளையில் அங்கே என்ன நடந்தது என்பதை அப்பாவின் தாடையில் ஒட்டியிருந்த அரிசி சொல்லும். கிறிஸ்துமஸ் விடுமுறைக்குக் கல்லூரியிலிருந்து வந்த நான் அதைப் பார்த்தேன்.

“ஏம்ப்பா இப்படி?”

“அவனுக்கு நம்பிக்க வரட்டும்டா. அவளுக்கு வயிறு ரொம்பட்டும். எனக்கும் காலைல எதாவது சாப்பிடணும்ல?”

மார்ச் மாத நாய்வண்டிப் பந்தயத்துக்கு அப்பா தன் வண்டியையே லெஸ்டரிடம் கொடுத்தார். “பிங்கோவ முன்னால கட்டிக் கடைசி வரைக்கும் ஓட்டிரு. அடுத்த பனிக்கு இந்தப் பண்ணை உன்னுது.”

லெஸ்டர் அன்றே பண்ணைக்குப் புதுப் பெயர்ப்பலகை எழுத ஆரம்பித்தான்.

பந்தயத்தின் பாதி வழியில் ஒரு கிராமத்தில் கட்டாய ஓய்வு. அங்கே ஓட்டுபவரைத் தவிர யாரும் நாயைத் தொடக்கூடாது, தீனி வைக்கக்கூடாது. குடும்பத்தாரை ஒரு கயிற்றுக்கு வெளியே நிறுத்திவிடுவார்கள். ஸ்னோமொபைலில் முன்னதாகவே வந்து சேர்ந்த அப்பாவும் நானும் அந்தக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றோம்.

லெஸ்டர் வந்தான். வைக்கோல் விரித்தான், நாய்களின் கால் உறைகளைக் கழற்றினான், கூழ் ஊற்றினான். மற்ற நாய்கள் எல்லாம் கிண்ணத்தோடு சண்டை போட்டன. பிங்கோ சுருண்டு படுத்து, கூழுக்கு முதுகைக் காட்டினாள்.

லெஸ்டர் கிண்ணத்தை எடுத்தான். அவள் பயப்படவில்லை. திரும்ப வைத்தான். பீவர் கறி போட்டான். தன் சாண்ட்விச்சைப் பிரித்து உள்ளே இருந்ததைப் போட்டான். பிங்கோ கொட்டாவி விட்டாள்.

நாய் டாக்டரம்மா வந்து அவள் தோலைக் கிள்ளிப் பார்த்தாள். “ஒடம்புல தண்ணியே இல்ல தம்பி. கூழக் குடிச்சா கெளம்பு. இல்லன்னா இவள இங்க விட்டுட்டுப் போ. அந்த வரிசையப் பாத்துட்டு வர்றேன்.”

பிங்கோவை விட்டால் அடுத்த தலைநாய் அவள் தம்பி ஜாக்பாட். அவனுக்குத் தெரிந்த ஒரே திசை, பிங்கோவின் வால்.

பக்கத்து வைக்கோலில் கால் நீட்டிக் கிடந்த வில்மா, அன்று ஊர்க்கூடத்தில் சிரித்த பக்கத்து ஊர்ப் போட்டிக்காரி, கேட்டாள்: “என்ன லெஸ்டர், பயமுறுத்திப் பாத்தியா?”

“ஒன் நாயப் பாரு, போ.”

“என் நாய் தின்னுட்டுத் தூங்குது. அதான் ஒன்னப் பாக்குறேன்.”

லெஸ்டர் கயிற்றோரம் வந்தான். குரலைத் தாழ்த்தினான். “அப்பா, வீட்ல நல்லாத்தான தின்னா?”

“ரெண்டு பேருமே நல்லாத்தான் தின்னோம்,” என்றார் அப்பா.

லெஸ்டர் அவர் தாடையையே பார்த்தான். ஒரு குளிர்காலம் முழுவதும் குடித்த காப்பி அவன் முகத்தில் ஒவ்வொன்றாக வந்து போனது.

“என் மூஞ்சில என்னடா இருக்கு? கிண்ணம் அங்க இருக்கு.” சொல்லிவிட்டு அப்பா திரும்பி நின்று, ஆற்றை முதல்முறை பார்ப்பவர்போல் ரசிக்கத் தொடங்கினார். என் தோளையும் பிடித்துத் திருப்பினார். தோள் திரும்பியது. கழுத்து மட்டும் சொன்ன பேச்சு கேட்கவில்லை.

லெஸ்டர் இடப்பக்கம் பார்த்தான், வலப்பக்கம் பார்த்தான். வில்மா கண்ணை மூடியிருந்தாள். அவள் தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. தொப்பியைக் கழற்றினான். முழங்கால் போட்டான், கை ஊன்றினான். ஊர்க்கூடத்தில் செய்த அலங்காரம் எதுவும் இல்லை. முகம் கிண்ணத்துக்குள் போனது. உறுமல் தொண்டைக்குள்ளேயே இருந்தது. இரண்டு வாய் விழுங்கினான்.

பிங்கோ எழுந்தாள். அவன் வாயை ஓரம் முதல் ஓரம் வரை மோந்து பார்த்தாள். முகத்தைத் தோளால் இடித்து ஒதுக்கிவிட்டுத் தின்ன ஆரம்பித்தாள்.

பாதிக் கிண்ணத்தில் நிறுத்தினாள். தலையைத் தூக்கி அவனைப் பார்த்தாள். வரிசையின் கோடியிலிருந்து டாக்டரம்மா திரும்பி வந்துகொண்டிருந்தாள், கூடவே ஏழெட்டுப் பேர்.

லெஸ்டர் மறுபடி குனிந்தான். இந்த முறை அவன் எந்தப் பக்கமும் பார்க்கவில்லை.