வெளிநாட்டு வண்டிக்கு இடமில்லை

2016 அக்டோபர் 15, சனிக்கிழமை பிற்பகல், மிச்சிகன் மாநிலத்தின் கார்வர் நகரில், கார் ஆலைத் தொழிலாளர் சங்கக் கட்டடத்தின் வண்டி நிறுத்துமிடத்துக்குள் ஓஹையோ எண் பலகை மாட்டிய நீலநிறக் கார் ஒன்று நுழைந்து, அறிவிப்புப் பலகைக்கு நேர் கீழே நின்றது. பலகையில் இப்படி எழுதியிருந்தது: வெளிநாட்டு வண்டிக்கு இங்கே இடமில்லை. மீறி நிறுத்தினால் இழுத்துச் செல்லப்படும்.

காரின் முகப்பில் ஜப்பானியக் கம்பெனி ஒன்றின் சின்னம் இருந்தது.

பலகையில் உள்ளதை அமல்படுத்துவது டெல்பர்ட் வோய்டாஸின் பொறுப்பு. கியர்பாக்ஸ் தொழிற்சாலையில் காலமெல்லாம் வேலை பார்த்துவிட்டு அந்த வாரம்தான் ஓய்வு பெற்றிருந்தார். உள்ளே கோழி பொரிபட்டுக்கொண்டிருந்ததும், பியர் பீப்பாய் திறந்ததும், மேஜைகளை இழுத்துப் போட்டதும் அவருக்கான பிரிவுபசார விருந்துக்காகத்தான். காரிலிருந்து இறங்கியவள் அவருடைய ஒரே மகள் கொரின்.

கார்வர் தொழிற்சாலையில் ஆட்களைக் குறைத்த வருஷம் முதலில் வேலை போனவர்களில் கொரினும் ஒருத்தி. ஓஹையோவில் ஜப்பானியக் கம்பெனி நடத்தும் ஆலையில் சேர்ந்தாள். அங்கே சங்கம் கிடையாது. அவள் போன விஷயத்தை டெல்பர்ட் சங்கத்தில் யாரிடமும் வாய்விட்டுச் சொன்னதில்லை. ஊருக்கு வரும்போதெல்லாம் அவளும் தன் கணவனின் பழைய வேனில்தான் வந்து போனாள். இந்த முறை தொலைபேசியில் கறாராகச் சொல்லிவிட்டாள்.

"வந்தா என் கார்லதான் வருவேன்பா. தெருவுல கொண்டுபோய் நிறுத்துன்னு சொன்னா அப்படியே திரும்பிடுவேன்."

"வா, பார்த்துக்கலாம்," என்று சொல்லியிருந்தார் டெல்பர்ட். என்ன பார்ப்பது என்று அவர் யோசித்திருக்கவில்லை.

இப்போது அவர் காரைச் சுற்றி வந்தார். பிறகு எதிர்ப்பக்கமாக ஒரு முறை சுற்றி வந்தார். கட்டடத்தின் சன்னலில் நாலைந்து முகங்கள் தெரிந்தன.

"என்ன பிரதர், புது மாடா வாங்கறே? பல்லைப் பிடிச்சுப் பாரு," என்றபடி ஓட்டிஸ் டிப்ஸ் வெளியே வந்தார். சங்கத்தில் ஆண்கள் எல்லோரும் பிரதர்தான். ஆனால் ஓட்டிஸ் அந்தச் சொல்லைக் கிண்டலுக்கு மட்டுமே எடுப்பார். இருவரும் ஒரே வரிசையில் எதிரெதிரே நின்று வேலை செய்தவர்கள்.

"என் பொண்ணு கார்யா."

"தெரியுது. உன் மூக்கு அப்படியே இருக்கே. பொண்ணுக்குச் சொல்றேன், காருக்கு இல்ல."

கொரின் சிரித்தாள். டெல்பர்ட் சிரிக்கவில்லை. "இதை எங்க கட்டினது?" என்று மகளிடம் கேட்டார்.

"நான்தான் கட்டினேன். இடது பக்கக் கதவு ரெண்டும் நான் மாட்டினது. இதே காரான்னு சத்தியம் பண்ண முடியாது. ஆனா என் ஷிஃப்ட்ல ஓடின கார்."

ஓட்டிஸ் முன்கண்ணாடியின் ஓரத்தில் குனிந்தார். உள்ளே தகட்டில் பொறித்திருக்கும் நீண்ட எண்ணின் முதல் எழுத்து வண்டி தயாரான நாட்டைச் சொல்லும். ஒன்று என்றால் அமெரிக்கா. ஜே என்றால் ஜப்பான்.

"ஒண்ணு! சுத்தமான ஓஹையோ."

டெல்பர்ட்டுக்கு நிம்மதியாக இருந்தது. வழி கிடைத்துவிட்டது. எண்ணைப் பார்த்துத்தான் அனுமதிக்கிறோம் என்று சொல்லிவிடலாம். அதைச் சொல்லவும் வாயெடுத்தார். அதற்குள் ஓட்டிஸ் விளையாட்டாக அடுத்த வண்டியைக் குனிந்து பார்த்திருந்தார். அது டெல்பர்ட்டின் சொந்த பிக்அப் டிரக். கம்பெனியின் ஊழியர் தள்ளுபடியில் வாங்கியது, பின்பக்கம் சங்கத்தின் ஒட்டுப்படம் ஒட்டியது.

"மூணு," என்றார் ஓட்டிஸ்.

"என்ன மூணு?"

"மெக்சிகோ. நீயே பாரு."

டெல்பர்ட் பார்த்தார். மூன்றுதான். பலகைக்குக் கீழே நின்ற எத்தனையோ வண்டிகளின் எண்ணைக் குனிந்து படித்தவர், தன் வண்டியினுடையதை ஒருநாளும் படித்ததில்லை. முகப்பில் சொந்தக் கம்பெனியின் சின்னம் இருந்தது. அதற்கு மேல் பார்க்க வேண்டும் என்று தோன்றவேயில்லை.

"ஆனா கியர்பாக்ஸ் நம்மளது," என்றார். "இங்கேருந்து லாரி ஏறிப் போனது. நீயும் நானும் செஞ்சது."

"அப்போ கியர்பாக்ஸைக் கழட்டி உள்ளே வை. மிச்சத்தை ரோட்டுல நிறுத்து."

"என் கதவு ரெண்டையும் கழட்டித் தர்றேன், அதையும் உள்ளே வைங்க," என்றாள் கொரின்.

டெல்பர்ட்டுக்கு எரிச்சல் வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை. சின்னத்தைப் பார்த்தால் மகளின் கார் வெளியே போக வேண்டும். எண்ணைப் பார்த்தால் தன் வண்டி போக வேண்டும். சங்கத்து ஆட்கள் கட்டியதா என்று பார்த்தால் ஒருவேளை இரண்டுமே போக வேண்டும். மெக்சிகோ ஆலையில் என்ன சங்கம் இருக்கிறது, அது சங்கம்தானா என்பதும் அவருக்குத் தெரியாது. உதிரிப் பாகங்களை எண்ணிப் பார்க்கலாமா? மகளின் காரில் ஒயரிங் எங்கிருந்து வருகிறது என்று கேட்டார். மெக்சிகோ என்றாள். எஞ்சின் ஓஹையோ. அலுமினியம் கனடாவாக இருக்கலாம். சிறு சிறு மின்னணுச் சமாசாரங்கள் எந்த ஊர் என்று அவளுக்கும் தெரியாது.

"லாபம் டோக்கியோவுக்குப் போகுதுல்ல?" என்றார் கடைசியில்.

"போகுது. என் சம்பளம் ஓஹையோவுலதான் நிக்குது. உன் கம்பெனி லாபம் எங்க போகுதுப்பா? கார்வருக்கா வருது?"

ஓட்டிஸ் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

அப்போது தெருவில் மஞ்சள் விளக்கைச் சுழற்றியபடி இழுவை வண்டி வந்து வாசலில் திரும்பியது. சன்னலிலிருந்து பார்த்தவர்களில் யாரோ போன் செய்திருக்க வேண்டும். ஓட்டிஸ் இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு ஓடி அதை மறித்தார்.

"நில்லு, நில்லு! லானி, உன் வண்டி மூக்குல என்ன எழுதியிருக்கு?"

ஓட்டுநர் லானி தலையை வெளியே நீட்டினார். "அதுக்கென்ன இப்போ?"

"ஜப்பான் பேருய்யா அது. பலகையைப் படி. நீ உள்ளே வரக் கூடாது."

"என்ன விளையாடறியா? மேல் பாதி நம்ம டென்னஸியில பண்ணினது."

"அப்போ மேல் பாதி மட்டும் வரட்டும்."

சன்னலில் சிரிப்பு வெடித்தது. லானி இதுவரை எத்தனை முறை உள்ளே வந்து போயிருக்கிறார் என்று டெல்பர்ட் நினைத்துப் பார்த்தார். ஒருமுறையாவது அந்த முகப்பைத் தான் பார்த்திருக்க வேண்டும். பார்த்ததாக நினைவில்லை.

கொரின் சிரிக்கவில்லை. தெருவில் நிற்கும் அந்தக் கொக்கியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கு அஞ்சு வயசு இருக்கும்," என்றாள். "சங்கத்து பிக்னிக்ல ஜப்பான் கார் ஒண்ணை வச்சு, ஆளுக்கொரு டாலர் வாங்கிட்டுச் சம்மட்டியால அடிக்க விட்டீங்க. என்னைத் தூக்கிப் பிடிச்சு அடிக்கச் சொன்னியே, ஞாபகம் இருக்கா? அது எங்க கட்டின கார்னு பார்த்தியாப்பா?"

அவள் காரில் ஏறிக் கதவைச் சாத்தினாள். எஞ்சின் ஓடத் தொடங்கியது. டெல்பர்ட் குனிந்து கண்ணாடியைத் தட்டினார். அவள் பாதி இறக்கினாள்.

"தள்ளி நில்லுப்பா."

"எனக்குப் புரியல, கொரின். எது எந்த ஊருன்னு எனக்கு நிஜமாவே தெரியல."

"அதுக்கு நான் என்ன பண்ணட்டும்?"

டெல்பர்ட் சட்டைப் பையைத் தடவினார், பிறகு கால்சட்டைப் பையைத் தடவினார். சாவி கிடைத்தது. தன் டிரக்கில் ஏறிப் பின்னால் எடுத்து, லானியின் வண்டியை ஒட்டியபடி வாசலைத் தாண்டினார். தெருவுக்கு எதிரே மூடிக்கிடந்த சலவைக் கடையின் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார். இறங்கவில்லை. கைகள் ஸ்டியரிங்கிலேயே இருந்தன. செய்தது சரியா, அதனால் எது தீர்ந்தது என்று கேட்டால் அவரால் சொல்லியிருக்க முடியாது.

நீலக் கார் வாசலுக்கு வந்தது. ஓஹையோ போகும் பக்கத்துக்குத் திரும்பும் விளக்கு மின்னியது. வாசலோரம் நின்ற லானி ஹாரன் அடித்தார். விளக்கு கொஞ்ச நேரம் மின்னிக்கொண்டே இருந்து, அணைந்தது. கார் நேராகத் தெருவைக் கடந்து டிரக்குக்குப் பக்கத்தில் வந்து நின்றது.

"கோழி மிச்சம் இருக்குமா?" என்று கேட்டாள் கொரின்.

"ஓட்டிஸ் உள்ளே போயிட்டான்னா இருக்காது."

விருந்து முடியும் வரை இரண்டு வண்டிகளும் சலவைக் கடை முன்னால் நின்றன. வெளிநாட்டு வண்டி என்றால் என்ன என்று வரையறுக்கும்படி நவம்பர் கூட்டத்தில் ஓட்டிஸ் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். சின்னம், எண், சங்கம் என்று மூன்று தரப்பாகப் பேசினார்கள். ஒன்றுக்கும் பெரும்பான்மை கிடைக்கவில்லை. தீர்மானம் தள்ளிவைக்கப்பட்டது. பலகை அகற்றப்படவில்லை.